முதல் சிரிஞ்சில் எதை ஏற்றுவது? செப்டிக் ஷாக்கில் நார்அட்ரினலினும் அதன் போட்டியாளர்களும்

சலைன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸ் போயாகிவிட்டது. ரத்த மாதிரிகள் லேபுக்குப் போய்விட்டன. ஆனாலும் மானிட்டரில் அழுத்தம் 80/40ஐ விட்டு நகர மறுக்கிறது. கிருமித் தொற்று முற்றி ரத்த ஓட்டமே தளர்ந்துபோகும் இந்த நிலைக்குத்தான் செப்டிக் ஷாக் என்று பெயர். இந்த நேரத்தில் டியூட்டி டாக்டரின் கைக்கெட்டும் தூரத்தில் ஐந்து ஆம்பூல்கள் (சிறு மருந்துக் குப்பிகள்) இருக்கலாம்: நார்அட்ரினலின், டோபமைன், அட்ரினலின், வாசோபிரெசின், ஃபினைல்எஃப்ரின். ஐந்தும் அழுத்தத்தை ஏற்றும். மானிட்டரில் தெரியும் எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் எதைப் போட்டாலும் ஒன்றுதான். அந்த எண்ணுக்காக இதயமும் சிறுநீரகமும் விரல் நுனிகளும் என்ன விலை கொடுக்கின்றன என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சிரிஞ்சில் நார்அட்ரினலின். அதையும் தாமதிக்காமல், தேவைப்பட்டால் கையில் ஊசி ஏற்றும் ரத்தக்குழாயிலேயே (பேச்சுவழக்கில் ‘கை நரம்பு’) தொடங்க வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் இதில் விவாதமே இல்லை. ஆனால் சிறிய ஊர்களின் நர்ஸிங் ஹோம்களிலிருந்து ஆம்புலன்ஸில் வந்து இறங்கும் நோயாளிகளின் பம்பில் (மருந்தைச் சிரிஞ்சிலிருந்து அளந்து செலுத்தும் கருவியில்) இன்றும் டோபமைன் ஓடுவதைப் பார்க்கிறேன். அதனால்தான் இந்த ஒப்பீடு. மருந்தளவுகளை மருத்துவர்களுக்காக எழுதுகிறேன். ஐ.சி.யூ. வாசலில் காத்திருப்பவர்களுக்கு மற்ற பகுதிகள் பயன்படலாம்.

நார்எபிநெஃப்ரின் என்று அமெரிக்கர்கள் எழுதுவதும் இதே நார்அட்ரினலினைத்தான். இது உடல் தானே தயாரிக்கும் பொருள். டைரோசின் என்ற அமினோ அமிலம் டோபாவாகி, டோபா டோபமைனாகி, டோபமைன் நார்அட்ரினலினாகி, அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் அது அட்ரினலினாகிறது. ஆக, ஐந்து ஆம்பூல்களில் மூன்று ஒரே வரிசையில் பிறந்தவை. அட்ரினல் சுரப்பி பெரும்பாலும் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகிறது. நார்அட்ரினலினின் முக்கிய இடம் நரம்பு முனைகள். பரிவு நரம்புகள் (நம் விருப்பமின்றித் தானே இயங்கும் நரம்புகளில் ஒரு பிரிவு) ரத்தக்குழாய்களோடு பேசுவது இதைக் கொண்டுதான் என்று 1946இல் கண்டறிந்தவர் ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர். 1970இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. படுத்திருப்பவர் சட்டென்று எழுந்து நிற்கும்போது ரத்தமெல்லாம் காலில் தேங்கி மயங்கி விழாமல் இருப்பதற்குக் காரணம், அந்தக் கணத்தில் நரம்பு முனைகளிலிருந்து கசியும் இந்தப் பொருள்தான். நெடுநாள் சர்க்கரை நோயில் அந்த நரம்புகள் பழுதடைந்தவர்களுக்கு எழுந்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வருவதும் இதனால்தான். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சிறு நீலப் புள்ளியிலிருந்து கிளம்பும் நார்அட்ரினலின் விழிப்பையும் கவனத்தையும் கட்டுப்படுத்துகிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லாஃபாக்சின், டுலோக்செட்டின் போன்ற மாத்திரைகள் வேலை செய்வது அந்தப் பக்கத்தில். அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

செப்டிக் ஷாக்கில் நடப்பது என்ன? வாய்க்கால் திடீரென்று இரண்டு பங்கு அகலமாகிவிட்டால், அதே அளவு தண்ணீர் ஓடினாலும் மட்டம் இறங்கி, கடைமடைக்கு எட்டாமல் போகும் அல்லவா? ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரியும்போது அதுதான் நடக்கிறது. சலைனை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்துக்குப் பிறகு அது குழாய்களில் நிற்பதில்லை. நுரையீரலிலும் காலிலும் வீக்கமாகச் சேர்கிறது. குழாய்களை மறுபடி இறுக்க வேண்டும். நார்அட்ரினலின் ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள ஆல்ஃபா-1 ஏற்பிகளை (மருந்து வந்து ஒட்டும் இடங்களை) பலமாகத் தூண்டி அதைச் செய்கிறது. கூடவே இதயத்தில் உள்ள பீட்டா-1 ஏற்பிகள் வழியாக இதயத்துக்கும் ஓரளவு உந்துதல் தருகிறது. ஆனால் நாடித்துடிப்பைப் பெரிதாக ஏற்றுவதில்லை. சிரைகளையும் இறுக்குவதால் அங்கே சும்மா தேங்கிக் கிடந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது. இந்தக் கடைசிக் குணத்தைப் பலர் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் பாதிப் பலன் அதில்தான் இருக்கிறது.

எட்ட வேண்டிய இலக்கு, சராசரி தமனி அழுத்தம் 65. மேல் அழுத்தத்தோடு கீழ் அழுத்தத்தை இருமுறை கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி ஏறக்குறைய கிடைக்கும். 90/50 என்றால் 63. 88/54 என்றால் 65. மேல் எண் 90ஐத் தொட்டுவிட்டதா என்று பார்த்து நிம்மதி அடையும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் குழாய்கள் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்பதைக் காட்டிக்கொடுப்பது கீழ் எண்தான். 65க்கு மேலே இன்னும் ஏற்றினால் நல்லதா என்று பிரான்ஸில் 776 நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது. 80-85 வரை ஏற்றியவர்களிடம் இறப்பு குறையவில்லை, இதயத் துடிப்புத் தாளம் கெடுவதுதான் கூடியது. நெடுங்கால ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் டயாலிசிஸ் தேவை சற்றுக் குறைந்தது. அப்படிப்பட்டவர்களுக்குச் சிறுநீர் இறங்கவில்லை என்றால் 75 வரை ஏற்றிப் பார்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இனி முக்கியப் போட்டியாளரான டோபமைன். ஒரு தலைமுறை மருத்துவர்கள் இதோடுதான் வளர்ந்தார்கள். விலை மலிவு, எங்கும் கிடைக்கும், கணக்கு கைப்பழக்கம். குறைந்த அளவில் கொடுத்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. அந்த நம்பிக்கையை 2000இலேயே ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்திய ஆய்வு உடைத்துவிட்டது. 328 பேரில் சோதித்தும் சிறுநீரகத்துக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. சிறுநீர் கூடியதைப் பார்த்துச் சிறுநீரகம் பிழைத்தது என்று நாம் நினைத்திருந்தோம்.

நேருக்கு நேர் மோதல் 2010இல் வெளியானது. ஐரோப்பாவில் 1,679 ஷாக் நோயாளிகள், பாதிப் பேருக்கு டோபமைன், பாதிப் பேருக்கு நார்அட்ரினலின். 28 நாட்களில் இறப்பு டோபமைனில் 52.5 சதவீதம், நார்அட்ரினலினில் 48.5 சதவீதம். புள்ளியியல்படி இது தெளிவான வித்தியாசம் அல்ல. இதை மட்டும் பிடித்துக்கொண்டு ‘இரண்டும் ஒன்றுதானே’ என்பவர்கள் அடுத்த வரியைப் படிப்பதில்லை. இதயத் துடிப்புத் தாளம் கெட்டவர்கள் டோபமைனில் 24.1 சதவீதம், நார்அட்ரினலினில் 12.4 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதயமே செயலிழந்து ஷாக்கில் வந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது டோபமைன் குழுவில் இறப்பும் அதிகம். நிமிடத்துக்கு 130 துடிக்கும் இதயத்தை இன்னும் விரட்டும் மருந்தை முதலில் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

குழந்தைகளிலும் டோபமைன் பின்தங்கிவிட்டது. சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தில் 60 குழந்தைகளிடம் அட்ரினலினோடு ஒப்பிட்டபோது, முதல் ஒரு மணி நேரத்தில் ஷாக்கிலிருந்து மீட்டதில் அட்ரினலின்தான் முந்தியது. பெரியவர்களில் டோபமைனுக்கு மிச்சமிருப்பது ஒரு சிறு இடம்: நாடித்துடிப்பு மிகவும் குறைந்து, தாளம் கெடும் ஆபத்தும் இல்லாத நோயாளி. ஷாக்கில் அப்படிப்பட்டவர் அடிக்கடி வருவதில்லை.

பிறகு ஏன் இன்னும் டோபமைன்? கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “எங்களிடம் சென்ட்ரல் லைன் போட ஆள் இல்லை. நார்அட்ரினலின் கையில் கசிந்தால் சதை அழுகிவிடும்.” சென்ட்ரல் லைன் என்பது கழுத்து போன்ற இடத்தில் பெரிய சிரைக்குள் செருகும் நீளக் குழாய். பயம் நியாயமானது. ஆனால் டோபமைன் கசிந்தாலும் சதை அழுகும். அந்த எச்சரிக்கை அதன் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கிறது. கை நரம்பில் டோபமைனை ஓட்டத் துணிந்தவர் நார்அட்ரினலினை மட்டும் பார்த்துப் பயப்படுவதில் தர்க்கம் இல்லை. 2021ஆம் ஆண்டின் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: சென்ட்ரல் லைனுக்காகக் காத்திருக்க வேண்டாம், முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நல்ல நரம்பில் குறுகிய காலத்துக்குத் தொடங்கலாம். அமெரிக்காவில் 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் இப்படிக் கை நரம்பில் மருந்து பெற்ற 500 பேரில் சிக்கல் வந்தது 3 பேருக்கு. புறங்கையில் போட்ட மெல்லிய வென்ஃப்ளானில் (ஊசிக் குழாயில்) மட்டும் வேண்டாம். பி.பி. கட்டும் பட்டையையும் அந்தக் கையில் கட்டாதீர்கள். ஊசி ஏறிய இடம் வெளுத்துச் சில்லிட்டிருக்கிறதா என்று மணிக்கொரு முறை சிஸ்டர் தொட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான்.

நார்அட்ரினலினின் கெட்ட பெயருக்கு ஒரு பழைய கதையும் உண்டு. அமெரிக்காவில் அதன் வணிகப் பெயர் லெவோஃபெட். ‘லெவோஃபெட், லீவ் தெம் டெட்’ (போட்டால் பிணம்தான்) என்று அங்குள்ள மருத்துவர்களே கேலி பேசினார்கள். சலைன் போதாத உடலில், மற்றதெல்லாம் தோற்ற பிறகு, கடைசி ஆயுதமாக எடுத்து, அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். விரல்கள் கறுத்தன, நோயாளிகள் இறந்தார்கள், பழி மருந்தின் மேல் விழுந்தது. முன்கூட்டியே தொடங்கினால் என்ன ஆகும் என்று பாங்காக்கின் சிரிராஜ் மருத்துவமனையில் 310 பேரிடம் பார்த்தார்கள். சலைனோடு சேர்த்தே குறைந்த அளவில் தொடங்கியவர்களில் 76.1 சதவீதம் பேருக்கு ஆறு மணி நேரத்தில் ஷாக் கட்டுப்பட்டது. வழக்கமான முறையில் 48.4 சதவீதம். ஒரே மருத்துவமனையின் ஆய்வு, இறப்பில் தெளிவான வித்தியாசமும் காட்டவில்லை. இருந்தாலும் மூன்றாவது, நான்காவது லிட்டர் சலைனைத் தொங்கவிடும் கையைத் தடுக்க இது எனக்குப் போதும்.

எவ்வளவு ஓட்டுவது என்ற கணக்கில் ஒரு குழி இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் வேண்டும் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம். 50 மில்லி சிரிஞ்சில் 4 மில்லிகிராம் கலந்திருந்தால் ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம். பம்பில் மணிக்கு 4.5 மில்லி. ஆனால் எந்த 4 மில்லிகிராம்? ஆம்பூலின் மேல் சில நிறுவனங்கள், மருந்து சேர்ந்திருக்கும் பைடார்ட்ரேட் உப்பின் எடையை அச்சிடுகின்றன, சில அசல் நார்அட்ரினலினின் எடையை அச்சிடுகின்றன. உப்பில் 2 மில்லிகிராம் என்றால் அசலில் ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். பிராண்டு மாறிய அன்று இதைக் கவனிக்காவிட்டால், அதே 4.5 மில்லியில் நோயாளிக்குப் போவது பாதி அளவாக இருக்கும், அல்லது இரண்டு மடங்கு. இன்னொரு மருத்துவமனைக்கு மாற்றும்போது சீட்டில் ‘நார்அட் 5 மில்லி’ என்று மட்டும் எழுதி அனுப்புவதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. எத்தனை மில்லியில் எத்தனை மில்லிகிராம், அது உப்பா அசலா என்று எழுத அரை வரி போதும். உறவினர்கள் சிலர் வாசலில் நின்று “இப்போது எத்தனை மில்லி ஓடுகிறது?” என்று கேட்பார்கள். காலையில் 8, மாலையில் 4 என்றால் மகிழ்ச்சி. இடையில் கலவையை இரண்டு மடங்கு அடர்த்தியாக்கியிருந்தால் அந்த 4க்குப் பொருளே இல்லை. கிலோவுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று கேளுங்கள். குறைகிறதா ஏறுகிறதா என்பது அதில்தான் தெரியும்.

இன்னொன்று சிரிஞ்ச் மாற்றும் நேரம். ரத்தத்தில் நார்அட்ரினலினின் பாதி இரண்டு மூன்று நிமிடங்களில் அழிந்துவிடும். பழைய சிரிஞ்சைக் கழற்றிப் புதியதை மாட்டி, பம்பின் தண்டு பிஸ்டனைத் தொட்டு அழுத்தத் தொடங்குவதற்குள் மானிட்டரில் 65 இருந்தது 48 ஆகும். பதறிப்போய் யாராவது வேகத்தைக் கூட்டினால், அடுத்த இரண்டு நிமிடத்தில் 110. அனுபவமுள்ள சிஸ்டர்கள் பழையதில் 5 மில்லி மிச்சமிருக்கும்போதே இரண்டாவது பம்பில் புதியதை ஓட்டித் தயாராக வைத்து, அது பிடித்த பிறகே முதல் பம்பை நிறுத்துவார்கள். எந்த மருந்து சிறந்தது என்ற வாதத்தைவிட, இரவு இரண்டு மணிக்கு இதைச் செய்யத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பது சில வார்டுகளில் பெரிய கேள்வி. இரண்டாவது பம்ப் இல்லாத இடத்தில் நார்அட்ரினலினின் இந்தக் குறுகிய ஆயுள் உண்மையான குறைதான். டோபமைனுக்கும் அட்ரினலினுக்கும் அதே குறை உண்டு.

அட்ரினலினை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆஸ்திரேலியாவில் 280 பேரிடம் நார்அட்ரினலினோடு மோதவிட்டபோது அழுத்த இலக்கை எட்டும் நேரத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் அட்ரினலின் பெற்றவர்களில் சிலருக்கு நாடித்துடிப்பும், ரத்தத்தில் லாக்டேட்டும் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது கூடும் பொருள்) ஏறியதைப் பார்த்து மருத்துவர்கள் மருந்தையே நிறுத்த நேர்ந்தது. அட்ரினலின் தசைகளில் சர்க்கரையை எரிக்க வைத்து லாக்டேட்டைத் தானே கூட்டும். சிகிச்சை பலிக்கிறதா என்று நாம் பார்க்கும் அளவுகோலையே அது குழப்பிவிடுகிறது. மாரடைப்புக்குப் பின் வரும் ஷாக்கில் நிலைமை இன்னும் மோசம். பிரெஞ்சு ஆய்வொன்றில் மீட்க முடியாத ஷாக் அட்ரினலினில் 37 சதவீதம், நார்அட்ரினலினில் 7 சதவீதம். 57 பேரோடு ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் நார்அட்ரினலின் கையிருப்பில் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில், டோபமைனா அட்ரினலினா என்று கேட்டால், பெரியவர்களின் செப்டிக் ஷாக்குக்கும் நான் அட்ரினலினையே எடுப்பேன். ஒவ்வாமையால் வரும் அனாஃபிலாக்சிஸில் அட்ரினலின்தான் முதல் மருந்து. தொடைத் தசையில் அரை மில்லிகிராம். அங்கே நார்அட்ரினலினைத் தேடிக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவது.

ஃபினைல்எஃப்ரின் ஆல்ஃபாவை மட்டும் தூண்டும். குழாய் இறுகும், இதயத்துக்கு உதவி இல்லை, துடிப்பு இன்னும் குறையலாம். சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட்டவுடன் இறங்கும் அழுத்தத்துக்கு அது அருமையான மருந்து. செப்டிக் ஷாக்கில் அதை மாற்றாக வைத்தால் என்ன ஆகும் என்பதை யாரும் திட்டமிடாத ஒரு சம்பவம் காட்டியது. 2011இல் அமெரிக்காவில் நார்அட்ரினலின் தட்டுப்பாடு வந்தது. பாதிக்கப்பட்ட 26 மருத்துவமனைகளின் பதிவுகளைப் பின்னர் ஆராய்ந்தார்கள், 27,835 நோயாளிகள். மருத்துவர்கள் அதிகம் தாவியது ஃபினைல்எஃப்ரினுக்கு. தட்டுப்பாட்டுக் காலாண்டுகளில் இறப்பு 39.6 சதவீதம், சாதாரணக் காலத்தில் 35.9 சதவீதம். பதிவேட்டு ஆய்வு என்பதால் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மருந்து வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் இவை.

வாசோபிரெசினைப் போட்டியாளராகப் பார்ப்பதைவிடத் துணையாகப் பார்ப்பதே சரி. வேறு ஏற்பி, வேறு வழி. ரத்தத்தில் அமிலம் கூடி நார்அட்ரினலின் சோர்ந்துபோகும் நேரத்திலும் இது வேலை செய்யும். செப்டிக் ஷாக் நீடித்தால் உடலின் சொந்த வாசோபிரெசின் கையிருப்பு வற்றிவிடுகிறது, அதை நிரப்புவதாகவும் கொள்ளலாம். 2008இல் 778 பேரிடம் நடந்த ஆய்வில், நார்அட்ரினலினோடு இதைச் சேர்த்ததால் இறப்பு ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. அதனால் முதல் நாளே விலை கூடிய இதைத் தொடங்க வேண்டியதில்லை. நார்அட்ரினலின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மைக்ரோகிராமைத் தாண்டும்போது, நிமிடத்துக்கு 0.03 யூனிட் என்று நிலையான அளவில் சேர்க்கலாம். அழுத்தம் ஏறவில்லை என்று இதன் அளவைக் கூட்டக் கூடாது. குடலும் விரல்களும் ரத்தமின்றி வாடும். கல்லீரல் நோயாளிகளுக்கென்று நம் மருந்தகங்களில் இருக்கும் டெர்லிபிரெசினைச் சிலர் இதற்குப் பதிலாக எடுக்கிறார்கள். சீனாவில் 617 பேரிடம் நடந்த ஆய்வில் அதனால் விரல்கள் பாதிக்கப்படுவது அதிகமாக இருந்தது. நான் தவிர்க்கிறேன்.

நார்அட்ரினலினே எதிரியாகும் இடங்களும் உண்டு. கொங்கண் கடற்கரையில் செந்தேள் கொட்டியவர்களுக்கு அதன் விஷம் நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலினையும் அட்ரினலினையும் வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. கை கால் சில்லிட்டு, வியர்த்து, நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோவார்கள். மஹாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ஆல்ஃபா ஏற்பிகளை அடைக்கும் பிராசோசின் மாத்திரையைக் கொடுத்து அந்தச் சாவுகளைப் பெருமளவு குறைத்தார். தமிழ்நாட்டிலும் தேள்கடிக்கு இன்று அதைத்தான் கொடுக்கிறோம். சில்லிட்ட கையோடு வருகிற எல்லோரும் குழாய் தளர்ந்தவர்கள் அல்லர். விபத்தில் ரத்தம் இழந்தவருக்கு வேண்டியது ரத்தமும் அறுவை அரங்கும். டெங்கு ஷாக்கில் முதல் தேவை அளந்து கொடுக்கும் திரவம். கசிவால் வற்றிய குழாயை இறுக்கிவிட்டு மானிட்டரைப் பார்த்துத் திருப்திப்பட்டால் சிறுநீரகம் அதற்குக் கணக்குத் தீர்க்கும்.

மூன்றாம் நாள் நோயாளி தேறிவருகிறார், நார்அட்ரினலினும் வாசோபிரெசினும் இரண்டும் ஓடுகின்றன. எதை முதலில் இறக்குவது? பழைய பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வுகள் வாசோபிரெசினை முதலில் நிறுத்தினால் அழுத்தம் சரிகிறது என்றன. கொரியாவில் 78 பேரிடம் சீட்டுக் குலுக்கிப் பார்த்தபோது நேரெதிராக வந்தது. நார்அட்ரினலினை முதலில் குறைத்தவர்களுக்குத்தான் அதிகம் சரிந்தது. இரண்டில் எதையும் நான் சட்டமாக எடுத்துக்கொள்வதில்லை. விரல்கள் கறுக்கத் தொடங்கியிருந்தால் வாசோபிரெசின் முதலில் போகும். இதயத் தாளம் தடுமாறிக்கொண்டிருந்தால் நார்அட்ரினலினை முதலில் இறக்குகிறேன். இரண்டும் இல்லையென்றால் வாசோபிரெசினை நிறுத்திவிட்டு, நார்அட்ரினலினைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே என் வழக்கம். அதன் ஆயுள் இரண்டு மூன்று நிமிடம்தான் என்பதால், குறைத்தது அதிகமாகிவிட்டால் உடனே தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளவும் முடியும்.